திரும்பும்போது உறுமுகிறதா? ஜிம்பல் பேரிங்கைப் பாருங்கள்

இன்போர்டு-அவுட்போர்டு படகு (எஞ்சின் உள்ளேயும், புரொப்பெல்லர் உள்ள டிரைவ் பின்னால் வெளியேயும் இருப்பது) நேராகப் போகையில் அமைதியாக இருந்து, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் பின்பக்கம் உறுமினால், முதல் சந்தேகம் ஜிம்பல் பேரிங்கின் மீதுதான்; எஞ்சினிலிருந்து டிரைவுக்குப் போகும் ஷாஃப்டைத் தாங்குவது இதுதான். டிரைவைக் கழற்றி, பேரிங்கின் உள்வளையத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவதுபோல நறநறத்தால் மாற்றியே ஆக வேண்டும்.

விரலில் துரு கலந்த பழுப்பு கிரீஸ் ஒட்டினால், தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி, ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் பெல்லோஸ் (தண்ணீரைத் தடுக்கும் மடிப்புக் குழாய்). அதன் மடிப்புகளை விரித்து வெடிப்பு தேடுங்கள். கிழிந்த பெல்லோஸை விட்டுவிட்டுப் பேரிங்கை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. ஷாஃப்ட் வளைந்து சுழல உதவும் யுனிவர்சல் ஜாயின்டில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

பழையதை ஸ்லைடு ஹாமர் புல்லரால் (கம்பியில் சறுக்கும் எடையின் அடியால் இழுக்கும் கருவி) இழுத்து எடுக்கலாம். புதியதைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் சற்றுச் சுருங்கி எளிதாக இறங்கும். தட்டி இறக்கும்போது அடி வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டும்; உள்வளையத்தில் தட்டினால் புதிய பேரிங்கும் பாழ். கிரீஸ் துளை உள்ள வகையானால், வெளிப்பட்டையின் பிளவு அந்தத் துளைக்கு நேராக இருக்கட்டும். இதைக் கவனிக்காமல் நானே ஒருமுறை இரண்டாவது தடவை கழற்றியிருக்கிறேன்.

டிரைவை மாட்டுமுன், எஞ்சினும் பேரிங்கும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று காட்டும் அலைன்மென்ட் கம்பியைப் பேரிங் வழியாகச் செருகுங்கள். எஞ்சின் கப்ளரின் (ஷாஃப்ட் எஞ்சினோடு இணையும் பாகம்) பற்களுக்குள் அது கைவிசையிலேயே வழுக்கிப் போக வேண்டும். முரண்டு பிடித்தால் சுத்தியலைத் தேடாதீர்கள். எஞ்சினின் முன் மவுன்டுகளை (தாங்கிகளை) ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள்.