ஸ்க்ரம்மா, கான்பனா? பெயரைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

புதிதாக ஒரு மென்பொருள் டீமைப் பொறுப்பேற்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "ஸ்க்ரம் போகலாமா, கான்பன் போகலாமா?" என்றுதான். ஸ்க்ரம் என்றால் வேலையைச் சில வாரச் சுற்றுகளாகத் திட்டமிட்டுச் செய்யும் முறை. கான்பன் என்றால் வேலைகளைக் கார்டுகளாகப் பலகையில் ஒட்டி, ஒன்று முடிய முடிய அடுத்ததை எடுக்கும் முறை. கேள்வி தப்பில்லை, கொஞ்சம் சீக்கிரமாகக் கேட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். எதில் வளைந்து கொடுக்கலாம், எதற்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்ற இரண்டும் தெளிவானால், பெயர் தானாக வந்து நிற்கும். ஐந்தாறு பேர் உள்ள டீமை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எல்லோரையும் ஒரு வெள்ளைப் பலகை முன்னால் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எது நகராது என்று எழுதுங்கள்

தேதி, பணம், வேலையின் அளவு. இந்த மூன்றையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தால் அடி வாங்குவது தரம்தான். டெஸ்டிங்குக்கு ஒதுக்கிய நாட்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஆகவே மூன்றில் ஒன்றையாவது தளர விட வேண்டும். அது எது என்பதை கிளையண்டோ மேலாளரோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கணக்கு மென்பொருள் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புது நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கிவிடும், அந்தத் தேதி யாருக்காகவும் நகராது. அப்படியானால் குறைய வேண்டியது அம்சங்களின் பட்டியல். "இவை இல்லாமல் வெளியிட முடியாது", "இவை மே மாதம் வந்தாலும் போதும்" என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மை மென்பொருளைச் செய்யும் 37signals நிறுவனம் கிட்டத்தட்ட இதையே முறையாக வைத்திருக்கிறது: ஒரு வேலைக்கு ஆறு வாரம், அதற்குள் முடியாவிட்டால் பொதுவாக நீட்டிப்பு கிடையாது. நேரம் கெட்டி, அளவு இளக்கம்.

படி 2: வேலை எப்படி வந்து சேர்கிறது என்று பாருங்கள்

கடந்த மாதம் டீமுக்கு வந்த வேலைகளைப் பட்டியல் போடுங்கள். பெரும்பாலானவை "இது உடைஞ்சு போச்சு, இன்னைக்கே பாருங்க" வகையா, அல்லது உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்யக்கூடிய புது அம்சங்களா? முதல் வகை அதிகமாக இருந்தால், இரண்டு வாரத்துக்கு முன்கூட்டியே போடும் திட்டம் செவ்வாய்க்கிழமையே கலைந்துவிடும்.

படி 3: ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர்

முன்னுரிமையை முடிவு செய்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். ஸ்க்ரமில் இவருக்குப் பெயர் ப்ராடக்ட் ஓனர். அவர் ஒரு தனி மனிதர், குழு அல்ல என்று 2020-இல் வந்த ஸ்க்ரம் கையேடும் வெளிப்படையாகச் சொல்கிறது. விற்பனைப் பிரிவு ஒன்று சொல்ல, நிர்வாகம் வேறொன்று சொல்ல, இரண்டுக்கும் தலையாட்டும் டீம் நெகிழ்வாக இருப்பதாக அர்த்தமில்லை. அங்கே முடிவெடுக்க ஆளில்லை, அவ்வளவே.

கூடவே, "முடிந்தது" என்றால் என்ன என்று நாலு வரியில் எழுதி ஒட்டிவிடுங்கள். புரோகிராம் கோடு எழுதியாகிவிட்டது, இன்னொருவர் பார்த்துவிட்டார், டெஸ்ட் ஓடிவிட்டது, டெஸ்ட் சர்வரில் ஏற்றியாகிவிட்டது. இது இல்லாத டீமில் எல்லா வேலையும் மாதக்கணக்கில் "தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது" என்றே நிற்கும்.

படி 4: காட்ட வேண்டிய நாளைக் குறியுங்கள்

ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் கணினிக்கு மாற்றப் பட்ட பாட்டைப் பாருங்கள். முதல் முயற்சியின் பெயர் வர்ச்சுவல் கேஸ் ஃபைல். தேவைகளை எழுதிய ஆவணமே 800 பக்கத்தைத் தாண்டியது. தேவைகள் நடுவில் மாறிக்கொண்டே இருந்தன, தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களும் மாறினார்கள். சுமார் 7 லட்சம் வரி புரோகிராம் கோடு எழுதி, ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவழித்த பிறகு, 2005-இல் அதைக் கைவிட்டார்கள். 2006-இல் சென்டினல் என்று மறுபடி தொடங்கி, வெளி நிறுவனம் ஒன்றிடம் கட்டம் கட்டமாகச் செய்யக் கொடுத்தார்கள். அதுவும் இழுத்தது.

2010-இல் எஃப்.பி.ஐ. வேலையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, சிறிய டீமுடன் இரண்டு வார ஸ்ப்ரின்ட்களில், அதாவது ஸ்க்ரமின் சிறு வேலைச் சுற்றுகளில், நடத்தியது. அப்போதும் முதலில் சொன்ன 2011 கெடு தவறியது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்ப்ரின்ட் முடிவிலும் ஓடுகிற மென்பொருளைக் காட்ட வேண்டியிருந்தது. எங்கே நிற்கிறோம் என்பதற்கு அதுவே சாட்சி. 2012 ஜூலையில் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆகவே காலண்டரில் ஒரு நாளை நிரந்தரமாகக் குறியுங்கள்: இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. ஸ்லைடு வேண்டாம். ஓடுவதை மட்டும் காட்டுங்கள். காட்ட ஒன்றும் இல்லையென்றால் கூட்டத்தைத் தள்ளிப்போடாமல், "இல்லை" என்றே சொல்லுங்கள்.

படி 5: இப்போது பெயர்

திடீர் வேலைகளே அதிகம் என்றால் கான்பன். போர்டில் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை கார்டு இருக்கலாம் என்று வரம்பு வையுங்கள். ஐந்து பேருக்கு "நடந்துகொண்டிருக்கிறது" கட்டத்தில் நான்கு கார்டு என்று தொடங்கலாம். வரம்பு இல்லாத போர்டு வெறும் பட்டியல்தான்.

புது அம்சங்கள் அதிகம், முடிவெடுக்க ஒருவர் இருக்கிறார் என்றால் ஸ்க்ரம், இரண்டு வார ஸ்ப்ரின்ட். தினசரிக் கூட்டம் 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, அது மேலாளருக்கு வருகைப் பதிவும் ஆகக் கூடாது.

தேவைகள் உண்மையிலேயே மாறாது, ஒவ்வொரு கட்டத்துக்கும் கையெழுத்து வேண்டும் என்றால், கட்டம் கட்டமாகப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த வரிசை முறையைப் படம் போட்டுக் காட்டிய அமெரிக்க மென்பொருள் வல்லுநர் வின்ஸ்டன் ராய்ஸே, 1970-இல் எழுதிய அதே கட்டுரையில், அதை அப்படியே பின்பற்றுவது ஆபத்து என்று எச்சரித்திருக்கிறார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கட்டங்களுக்கு நடுவிலும் படி 4-ஐ விட வேண்டாம்.

திடீர் வேலைகளும் புது அம்சங்களும் கலந்து வந்தால்? ஸ்ப்ரின்ட்டை வைத்துக்கொண்டு, அவசர வேலைக்கென்று வாரம் ஒருவரை மாற்றி மாற்றி ஒதுக்கிவிடுங்கள். மற்ற நால்வரின் திட்டம் கலையாது.

படி 6: மூன்று சுற்று ஓட்டிவிட்டுத் திருத்துங்கள்

ஒரு கார்டு தொடங்கியதிலிருந்து முடியும் வரை எத்தனை நாள் ஆகிறது என்று மட்டும் குறித்து வாருங்கள், எக்செல் போதும். ஸ்டோரி பாயின்ட்டை, அதாவது ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று டீம் குத்துமதிப்பாகப் போடும் எண்ணை, வைத்து ஆட்களை ஒப்பிட வேண்டாம். ஒப்பிட ஆரம்பித்தால் அடுத்த மாதமே மூன்று பாயின்ட் வேலை எட்டு பாயின்ட் ஆகிவிடும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் உட்கார்ந்து பேசி ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் எதனால் நாட்கள் குறைந்தன என்று கண்டுபிடிக்க முடியாது.