பூனை ஓயாமல் நக்குகிறதா? நான் விட்ட பிழையை நீங்களும் விடாதீர்கள்

கீழ்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த தம்பி போன கிழமை தன் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வயிறும் பின்தொடைகளும் சவரம் செய்ததுபோல் வெறுமையாக இருந்தன. "பக்கத்து வளவில் கட்டட வேலை, அக்கா. அந்தச் சத்தத்தில் மனம் குழம்பி நக்குகிறது" என்றார். வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையில்தான் கட்டட வேலை நடக்கவில்லை? ஒரு காலத்தில் நானும் இதையே சொல்லித் திரிந்தவள் என்பதால் சிரிக்க முடியவில்லை.

நல்ல தண்ணீர், சுத்தமான மண்தட்டு பற்றியெல்லாம் எவரும் சொல்வார்கள். அவற்றை விடுகிறேன்.

"எங்கள் வீட்டில் தெள்ளு இல்லை"

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் பிழை இதுதான். தெள்ளு என்றதும் வீட்டுச் சுத்தத்தையே பழித்ததுபோல் முகம் சுருங்கிவிடுகிறது. எனக்கும் சுருங்கியது. மூன்றாம் மாடி, வெளியே போகாத பூனை, நாள்தோறும் துடைக்கும் தரை. தெள்ளு எங்கிருந்து வரும்? மன உளைச்சல் என்று நானே முடிவு கட்டினேன். விலை கூடிய உணவு வாங்கினேன், ஜன்னலுக்குக் கனத்த திரை தைப்பித்தேன். ஐந்து மாதம் போயிற்று. வாலடியில் புண் வந்ததுதான் மிச்சம்.

மிருக வைத்தியர் என் கதையைப் பாதியில் நிறுத்தி, பல் நெருங்கிய சீப்பை எடுத்தார். வாலடியை வாரி, விழுந்த கறுப்புப் பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினார். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு பரவியது. தெள்ளின் எச்சம் அது. பூனையின் இரத்தம்தான் அப்படிச் சமிபாடடைந்து வெளியேறியிருந்தது.

ஒவ்வாமை உள்ள பூனைக்குத் தெள்ளின் உமிழ்நீரே பகை. ஒரு சில கடி போதும். முள்ளுமுள்ளான நாக்கால் அது தெள்ளையும் வாரி விழுங்கிவிடுவதால், அதிகம் அரிக்கும் பூனையில்தான் தெள்ளு கண்ணில் படாது. முட்டைகள் பாயிலும் மெத்தையிலும் உதிர்கின்றன. கூட்டுப்புழுக்கள் மாதக்கணக்கில் காத்திருக்கும். தெள்ளு நம் காற்சட்டையிலேயே மாடியேறும். கொழும்பின் வெக்கையில் அதற்கு ஓய்வுகாலமே இல்லை. ஆகவே வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும், வைத்தியர் சொல்லும் காலம் முழுவதும், ஒன்றும் தென்படாவிட்டாலும் மருந்து போட வேண்டும்.

மனக்காரணம் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், மனக்காரணத்தால் நக்குவதாகக் கருதப்பட்ட 21 பூனைகளை முழுமையாகச் சோதித்தபோது, 2 பூனைகளுக்கு மட்டுமே அது தனிக் காரணமாக இருந்தது.

நாயின் மருந்து

பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த, நாய்க்கான தெள்ளுத் துளிமருந்து பூனையைக் கொல்லும். ஒரு துளியும் வேண்டாம்.

வேப்பெண்ணெய்

பூசாதீர்கள். பூசுவதை எல்லாம் பூனை நக்கும்.

இரண்டு கிழமை உணவு மாற்றம்

உணவு ஒவ்வாமையால்தான் நக்குகிறதா என்பதை அது காட்டாது. வைத்தியர் தரும் ஒரே உணவில் எட்டுக் கிழமையாவது வைத்திருக்க வேண்டும். நடுவில் ஆச்சி பாவம் பார்த்து ஒரு மீன்துண்டு போட்டால், அன்றிலிருந்து மறுபடி எண்ணுங்கள்.

வயிற்றை மட்டும் நக்கினால்

சிறுநீர்ப்பை வலியாகவும் இருக்கலாம். கடுவன் பூனை முக்கியும் சிறுநீர் வராவிட்டால் விடியும்வரை காத்திராதீர்கள்.

தம்பியின் பூனையை என் சமையலறை மேசையில் வைத்து வாரினோம். தாள் சிவந்தது. அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல்மாடியிலிருந்து வந்திருக்கும், அக்கா" என்றார்.