கைக்குழந்தைக்குக் கை வைத்தியம்: எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் பிள்ளை பெற்ற வீட்டில் உரைகல், வசம்பு, மாசிக்காய், விளக்கெண்ணெய் எல்லாம் பெரும்பாலும் தயாராக இருக்கும். பாட்டி வைத்தியம் எல்லாமே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தேங்காய் எண்ணெயைத் தடவி கை கால் நீவிவிட்டுக் குளிப்பாட்டுவது குழந்தைக்கு நல்ல சுகம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அதே எண்ணெய் தோலைத் தாண்டி மூக்குக்கும் தொண்டைக்கும் போகும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

குளிப்பாட்டும்போது பாருங்கள். காலை நீட்டி, அதன்மேல் குழந்தையைப் படுக்க வைத்து, மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, தொண்டைக்குள் விரலை விட்டுச் சளி எடுப்பார்கள், அழுகிற வாயில் பாலாடையால் விளக்கெண்ணெயும் ஊற்றுவார்கள். தண்ணீர் புரையேறினால் குழந்தை உடனே இருமும். எண்ணெய் அப்படியில்லை, இருமலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். அதனால் வரும் நிமோனியா சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அடங்காது. சளி எடுக்கிறேன் என்று செய்த வேலையே நெஞ்சுச் சளியில் கொண்டுபோய் விடுகிறது. பிறந்த குழந்தையின் மார்பு வீங்கியிருந்தால் அமுக்கிப் பால் எடுப்பதும் வேண்டாம். அது தாயின் ஹார்மோனால் வரும் வீக்கம், தானாக வற்றிவிடும். அமுக்கினால் சீழ் வைக்கும்.

அப்புறம் கற்பூரம். சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்து நெஞ்சில் தடவுவது நம் ஊரில் சர்வ சாதாரணம், ஆனால் கைக்குழந்தையின் மெல்லிய தோல் வழியாகவே அது உள்ளே இறங்கி வலிப்பை உண்டாக்கும். வாய்க்குள் போனால் இன்னும் மோசம். வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவுவதையும் விட்டுவிடலாம், அதில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் அமெரிக்காவில் 1968லேயே உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள்.

‘ஜவ்வாது மலைத் தேன், கலப்படமே இல்லை, ஒரு சொட்டு வைத்தால் என்ன?’ என்பார்கள். தேன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம். ஒரு வயது ஆகாத குழந்தையின் குடலில் அவை முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும். அதனால் ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர், ஓம வாட்டர் எதுவும் முதல் ஆறு மாதம் தேவையில்லை, தாய்ப்பால் மட்டும் போதும்.

இதையெல்லாம்விட என்னை அதிகம் பதறவைப்பது தாமதம். பால் குடிக்கவில்லை, வாந்தி, பேதி என்றதும் மாந்தம் (செரிமானக் கோளாறு) என்றோ தொக்கம் (தொண்டையிலோ வயிற்றிலோ ஏதோ சிக்கிக்கொண்டது) என்றோ முடிவுகட்டி, தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே இரண்டு நாள் போய்விடும். வேலூரின் மே மாத வெயிலில் பேதியாகும் குழந்தைக்கு இரண்டு நாள் என்பது உயிர் போகிற அவகாசம். பாலை நிறுத்தாதீர்கள். ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். டாக்டர் சொல்கிற அளவில் 14 நாள் ஜிங்க் கொடுங்கள். குழந்தைகளுக்குக் கடும் பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸைத் தடுக்கும் சொட்டு மருந்தை 6, 10, 14 வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். நம் நாட்டு ரோட்டாவேக் மருந்தைச் சோதித்துப் பார்த்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று, அதையாவது நம் பிள்ளைகளுக்குத் தவறாமல் போட வேண்டாமா?

மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுசாக எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40, இதைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ நீங்கள் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. வண்டி இல்லையென்றால் 108.

டாக்டர் திட்டுவார் என்று பயந்து, கொடுத்த நாட்டு மருந்தை மறைக்காதீர்கள். அந்தப் பொடிப் பொட்டலத்தையே கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள், என்ன உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் அவரால் சரியாக வைத்தியம் பார்க்க முடியும்.