முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தால் என்னவெல்லாம் செய்யக் கூடாது

சட்டைக்குள் எறும்பு புகுந்துவிட்டது என்றுதான் முதல் நாள் நினைத்தேன். கழற்றி உதறினேன், ஒன்றும் விழவில்லை. மறுநாளும் அதே இடம். இடது தோள்பட்டை எலும்பின் உள்ஓரம், கையை எப்படி வளைத்தாலும் விரல் எட்டாத ஓர் உள்ளங்கை அகலம். வீட்டில் காட்டினேன். "ஒண்ணுமே இல்லையே, வெறும் முதுகுதான் இருக்கு" என்றாள் மனைவி.

அப்படி ஆரம்பித்தது ஒன்றரை வருடம் ஓடியது. நான் மருத்துவன் இல்லை, கணக்கு எழுதுகிறவன். இதைப் பற்றி எழுத எனக்கு இருக்கிற ஒரே தகுதி, இந்த விஷயத்தில் செய்யக்கூடிய தவறுகளில் பாதிக்கு மேல் நானே செய்து பார்த்துவிட்டேன் என்பதுதான்.

எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்றே. குறுகுறுக்கிற இடத்தில்தான் கோளாறும் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். காலிங் பெல் கூடத்தில் அடிக்கிறது, ஆனால் பொத்தானை அழுத்துகிறவர் வாசலில் நிற்கிறார். நடுவில் எங்காவது ஒயர் உரசினாலும் மணி அடிக்கும். நரம்பும் அப்படித்தான். தைலத்தை நாம் மணிக்குத் தடவிக்கொண்டிருக்கிறோம்.

எல்லாவற்றையும் 'வலி' என்று சொல்வது

முதல் முறை டாக்டரிடம் போனபோது "முதுகு வலி சார்" என்றேன். ஐந்து நாளுக்கு வலி மாத்திரை கிடைத்தது. அவர் மேல் குற்றமில்லை, எனக்கு வலியே இருக்கவில்லை. குறுகுறுப்பைச் சொல்லக் கூச்சப்பட்டு, சொல்லிப் பழகிய வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

தமிழில் இதற்கு எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். குறுகுறுப்பு, ஊறல், தினவு, மதமதப்பு, மரத்துப்போவது, சுருசுருவென்று எரிவது, சுள்ளென்று இழுப்பது. வீட்டில் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். டாக்டருக்கோ இவை வேறு வேறு கதவுகள்.

தொட்டால் தெரியவில்லை, கிள்ளினாலும் உறைக்கவில்லை, அந்த இடத்தில் தோல் கொஞ்சம் வெளுத்தோ சிவந்தோ இருக்கிறது என்றால் அது வெறும் குறுகுறுப்பு இல்லை. தொழுநோயா என்று பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம், முழுமையாகக் குணமாகிற நோய். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். தள்ளிப்போடுவதுதான் ஆபத்து, நரம்பு கெட்டுப்போனால் திரும்பாது.

குனிந்து தாடை நெஞ்சில் பட்டதும் முதுகில் மின்சாரம் பாய்கிற மாதிரி இறங்குகிறது என்றால் கழுத்துப் பகுதியில் தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும். கழுத்தில் தண்டுவடம் அழுத்தப்படுவது, பி12 குறைபாடு, மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்குகிற மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்று காரணம் பல. கூடவே சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறது, நடை தள்ளாடுகிறது, கால் கனக்கிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும். இரவில் எழுப்புகிற முதுகு வலியும் சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவதும் சேர்ந்து வந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். நம் நாட்டில் அது அபூர்வமில்லை.

ஒரே இடத்தில், மாதக்கணக்கில், ஊறலும் குறுகுறுப்புமாக, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் என்றால், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. நோடால்ஜியா பாரஸ்தெடிகா. 1934-லேயே ருஷ்ய நரம்பியல் மருத்துவர் அஸ்த்வாத்சதூரவ் இதை விவரித்துவிட்டார். மேல் முதுகின் இரண்டாவது முதல் ஆறாவது கணு வரையிலான நரம்புகளின் பின்கிளைகள், முதுகுத்தண்டை ஒட்டிய தசையைக் கிட்டத்தட்டச் செங்குத்தாகத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வருகின்றன. அந்த வழியில் எங்கோ நசுங்குகிறது என்பதுதான் பலரும் சொல்கிற விளக்கம். நடுவயதில் அதிகம், பெண்களுக்கு இன்னும் அதிகம். உயிருக்கு ஒன்றும் செய்யாது, பொறுமையைத்தான் தின்னும். எனக்கு இருந்தது இதுதான். பெயர் தெரிவதற்குள் ஒன்றரை வருடம் போய்விட்டது.

வாய்வு

மேல் முதுகில் என்ன ஆனாலும் நம்மூரில் முதல் தீர்ப்பு வாய்வுதான். பூண்டைச் சுட்டுத் தின்பது, ஓமத்தண்ணீர் குடிப்பது, மருந்துக் கடையில் கேஸ் மாத்திரை வாங்குவது. பூண்டால் கெடுதல் இல்லை. ஆனால் இரண்டு சிக்கல் உண்டு.

ஒன்று, மாரடைப்பு சிலருக்கு நெஞ்சில் பெரிதாகக் காட்டாமல் முதுகு, தோள், தாடை, இடது கை என்று காட்டும். சர்க்கரை நோயாளிகளிடமும் பெண்களிடமும் இப்படி நடப்பது அதிகம். திடீரென்று பாரம், வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல் என்று சேர்ந்து வந்தால் ஓமம் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே எதையோ கிழிக்கிற மாதிரி ஒரே அடியாக வலித்தாலும் அப்படித்தான், பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிகிற வலியாக இருக்கலாம்.

இன்னொன்று கொஞ்சம் வேடிக்கையானது. அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கினால் உணவிலிருந்து பி12 உடம்பில் சேர்வது குறையக்கூடும். பி12 குறைந்தால் நரம்பு மதமதக்கும். வாய்வு என்று விழுங்கியதே குறுகுறுப்பைக் கொண்டுவந்து விடலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

பார்க்காமல் ஊசி போட்டுக்கொள்வது

அதற்காக உடனே 'நரம்பு ஊசி' போட்டுக்கொள்ள ஓட வேண்டாம். நான் ஓடினேன். சிவப்பு நிற ஊசி, ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து. அதற்கப்புறம் ரத்தப் பரிசோதனை செய்தால் பி12 வானத்தைத் தொட்டது. ஊசிக்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. முதலில் பரிசோதனை, அப்புறம் ஊசி. சர்க்கரை, பி12, தைராய்டு இந்த மூன்றும் பெரிய செலவில்லை. சர்க்கரையும் பி12 குறைபாடும் நரம்பைத் தொட்டால் பெரும்பாலும் பாதத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். கால் நன்றாக இருந்து, முதுகில் ஒரு பக்கம், ஓர் இடம் மட்டும் ஊறுகிறது என்றால் பி12 மேல் பழி போடுவது கஷ்டம்.

சத்து மாத்திரைதானே என்று பி காம்ப்ளெக்ஸை அளவில்லாமல் போடுவதும் சரியில்லை. அதில் இருக்கிற பி6 அதிகமானால் அதுவே நரம்பைக் கெடுத்துக் குறுகுறுப்பைக் கொடுக்கும்.

அக்கியைத் தவறவிடுவது

ஒரு பக்கமாக, முதுகிலிருந்து விலாவைச் சுற்றிப் பட்டையாக எரிச்சல். சட்டை உரசினாலே தாங்கவில்லை. தோலில் ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று நாள் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. சின்ன வயதில் வந்துபோன சின்னம்மையின் கிருமிதான் (தட்டம்மை இல்லை) நரம்பில் ஒளிந்திருந்து எழுந்து வருகிறது.

கிராமங்களில் அக்கி எழுதுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. மண்பாண்டம் செய்கிறவர்கள் காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் தீட்டுவார்கள். என் பாட்டிக்கு எழுதியது நினைவிருக்கிறது, முதுகு முழுக்கச் சிவப்பு. குளிர்ச்சியாக இருந்ததாம். அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கிருமியைத் தடுக்கிற மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். எழுதிவிட்டு மூன்று நாள் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரிகிற பின்வலி வயதானவர்களைப் பாடாய்ப் படுத்தும். பாட்டி கடைசிவரை அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவே இல்லை. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இப்போது இரண்டு தவணைத் தடுப்பூசி இருக்கிறது.

சொறிவது, தேய்ப்பது

கதவு நிலையில் முதுகைத் தேய்த்திருக்கிறேன். ஸ்கேலால் சொறிந்திருக்கிறேன். திருவிழாக் கடையில் விற்குமே, கை மாதிரி வளைந்த மரக்குச்சி, அதில் இரண்டு வாங்கி ஒன்றை அலுவலகத்தில் வைத்திருந்தேன். அந்த ஒரு நிமிட சுகத்துக்கு ஈடே இல்லை. ஆனால் தேய்க்கத் தேய்க்க நரம்பு இன்னும் சிலிர்த்துக்கொள்கிறது. தோலும் தடித்துக் கறுக்கிறது. நம்மூரில் நைலான் நாரால் முதுகை வருடக்கணக்கில் அழுத்தித் தேய்த்துக் குளிப்பவர்களுக்கு அலை அலையாகக் கருமை படர்வதைத் தோல் மருத்துவர்கள் நிறையப் பார்க்கிறார்கள். அதை அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்ப்பார்கள். நாரைத் தூக்கிப் போடுங்கள், கையால் சோப்புப் போட்டால் போதும்.

கறுத்ததும் அடுத்த தவறு வரும். படர்தாமரை என்று யாராவது சொல்ல, கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. அது இந்த வகை ஊறலுக்குப் பெரும்பாலும் பயன்படாது, நாளாக ஆகத் தோலை மெல்லியதாக்கிவிடும்.

நெட்டி முறிப்பது

இதை மட்டும் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். முடி வெட்டிய பிறகு தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு, 'டக்' என்று சத்தம். சுகமாகத்தான் இருக்கும். கழுத்து எலும்புக்குள் ஏறி மூளைக்குப் போகிற ரத்தக்குழாயின் உட்சுவர் அந்தத் திருப்பில் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அடிக்கடி நடப்பதில்லை, நடந்தால் மீள்வது கடினம். சுளுக்கு எடுக்கிறேன் என்று முதுகில் ஏறி மிதிப்பதும் அப்படித்தான், எலும்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் செய்யக் கூடாது. மரத்துப்போன இடத்தில் சுடுதண்ணீர்ப் பை வைப்பதும் வேண்டாம். சூடு தெரியாது, வெந்துபோகும்.

ஸ்கேனைப் படித்துக் கலங்குவது

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'தேய்மானம்', 'டிஸ்க் பிதுக்கம்' என்று நாலு வரி இருந்தது. இரண்டு வாரம் தூக்கமில்லை, கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு திரிந்தேன். ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,200-க்கும் மேற்பட்டவர்களின் கழுத்தை ஸ்கேன் செய்து பார்த்ததில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 2015-ல் வெளியான ஆய்வு. நரை மாதிரிதான் அது. தேய்மானமும் உங்கள் தொந்தரவும் பொருந்துகிறதா என்பதை முதுகைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். பட்டையை விடாமல் போட்டால் கழுத்துத் தசைதான் சோம்பேறியாகும்.

இதற்கு நேர்மாறான கலக்கமும் உண்டு. "எல்லாம் நார்மல், போங்க" என்று சொன்னதும் அடுத்த டாக்டர், அடுத்த ஸ்கேன், நடுராத்திரியில் கூகுள். பதற்றத்தில் மூச்சு வேகமாக வாங்கினாலே விரலும் உதட்டோரமும் குறுகுறுக்கும், அது இன்னொரு நோய் மாதிரித் தெரியும். அப்படியும் நான் பத்து நாள் அலைந்தேன்.

அக்கம்பக்கத்தவர் எடுக்கிற நரம்பு மாத்திரையைக் கடன் வாங்கிப் போடுவதையும் சொல்ல வேண்டும். காபாபென்டின், ப்ரீகாபலின் வகை மாத்திரைகள் சிலருக்கு உதவுகின்றன, ஆனால் தலை சுற்றும், தூக்கம் தள்ளும், வண்டி ஓட்டுவது ஆபத்து, திடீரென்று நிறுத்தவும் கூடாது. எனக்கு அது தேவைப்படவில்லை. மிளகாயின் காரச்சத்துக் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். முதல் வாரம் எரிந்து தொலைத்தது. தடவிய கையால் கண்ணைத் தொட்டு ஒரு மணி நேரம் குழாயடியில் நின்றேன், அதையும் தவறுகளில் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் உதவியவை சின்னச் சின்ன வேலைகள். மானிட்டருக்கு அடியில் பழைய லெட்ஜர் இரண்டை வைத்துக் கண்மட்டத்துக்கு உயர்த்தினேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தோள்பட்டை எலும்பு இரண்டையும் பின்னால் சேர்த்து ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுவேன். சுவருக்கும் முதுகுக்கும் நடுவே ரப்பர் பந்தை வைத்து மெதுவாக உருட்டுவேன். ஊறல் ஏறும்போது சொறியாமல் ஈரத்துண்டை வைப்பேன். குளித்ததும் அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய், மனைவி தடவிவிடுவாள். மாதம் ஒருமுறை அவளே செல்போனில் முதுகைப் படமெடுத்து வைக்கிறாள், நிறம் மாறினால் தெரியட்டும் என்று. எப்போது வருகிறது, எதற்கப்புறம் வருகிறது என்று டைரியில் ஒரு வரி.

முழுதாகப் போய்விட்டதா என்றால் இல்லை. மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற வாரத்தில் மட்டும் தவறாமல் வருகிறது. மரக்குச்சிகளில் ஒன்று உடைந்துவிட்டது, இன்னொன்று அலுவலக இழுப்பறையில்தான் கிடக்கிறது.