தேயிலைக்கு மூடாக்கு: மண்ணுயிர்களைப் பட்டினி போடும் தவறுகள்

நீலகிரியில் புதிதாகத் தேயிலை நிலம் வாங்கியவர்களும், அப்பாவின் இரண்டு ஏக்கரை இப்போது கையில் எடுத்திருக்கும் பிள்ளைகளும் மூடாக்கு போடுவதில், அதாவது சருகு, புல், குச்சி கொண்டு மண்ணை மூடி வைப்பதில், ஆர்வமாக இருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் முந்தைய தலைமுறை செய்து, நட்டப்பட்டு, கைவிட்ட தவறுகளே வரிசை மாறாமல் திரும்பவும் நடக்கின்றன. விதை கட்டிய புல்லைப் போடாதீர்கள், பிளாஸ்டிக் விரிக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். மண்ணுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாததால் வரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேயிலை மண் புளிப்பு மண். அமில-கார நிலை 4.5 முதல் 5.5 வரை இருந்தால்தான் செடி செழிக்கும். இந்தப் புளிப்பில் பாக்டீரியாவைவிடப் பூஞ்சைகளின் கைதான் ஓங்கியிருக்கும். சருகையும் குச்சியையும் உடைத்து மட்காக்குவதில் பெரும்பங்கு அவற்றுடையது. உணவு, ஈரம், நிழல் மூன்றையும் அவற்றுக்கு ஒரே நேரத்தில் தருவது மூடாக்கு.

மிலாறைக் கொளுத்துவது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. கவாத்து (செடியைத் தாழ வெட்டிவிடுவது) முடிந்ததும் மிலாறை, அதாவது வெட்டி விழுந்த இலையையும் குச்சியையும், வாரிக் குவித்துத் தீ வைக்கிறார்கள். கேட்டால், "தோட்டம் சுத்தமாயிடுச்சுங்க" என்கிறார்கள். அதே ஆள் அடுத்த சில வாரங்களில் உரக்கடையில் யூரியா மூட்டைக்கு நிற்கிறார். பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் அவர் கொளுத்தியதே உரத்தைத்தான்.

கணக்கு எளிது. முற்றிய தேயிலை இலையின் உலர் எடையில் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). ஒரு டன் காய்ந்த இலையில் 20 முதல் 30 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது சுமார் 20.7 கிலோ. ஆக, ஒவ்வொரு டன் இலைச்சருகும் ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியாவோ அதற்கு மேலோ. தீ வைத்தால் தழைச்சத்தும் கந்தகமும் புகையாகப் போய்விடும். மிஞ்சும் சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் இருக்கும், உண்மைதான். ஆனால் சாம்பல் காரம். குவித்து எரித்த இடத்தில் மட்டும் மண்ணின் புளிப்பு குறைந்துபோகும். பின்னாளில் அங்கே நட்ட நாற்று மஞ்சளித்து, வளராமல் நிற்கும். தோட்டத்தில் வட்டவட்டமாக வெளுத்த திட்டுகள் இருந்தால், முன்பு அங்கே எரித்தார்களா என்று விசாரியுங்கள்.

உயிர்களுக்கு வரும் கேடு இதைவிடப் பெரியது. கவாத்து செய்த நாளில் செடி தன் குடையை இழக்கிறது. பல ஆண்டுகள் நிழலில் கிடந்த மண்மேல் நேர்வெயிலும் நேர்மழையும் விழுகின்றன. இலை இல்லாததால் உணவு தயாரிக்க வழியில்லை. வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டுதான் புதுத் துளிர் விட வேண்டும். நுனியில் இருக்கும் ஊட்டவேர்களில் ஒரு பங்கு செத்துப்போகும். வேரிலிருந்து கசியும் சர்க்கரையை நம்பி வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இதே வாரங்களில்தான் பட்டினியில் விழும். அப்போது அவற்றுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பெரிய உணவு அந்த மிலாறு. அதை எரிப்பவர், வேரும் மண்ணும் சேர்ந்து தளர்ந்திருக்கும் நேரம் பார்த்து அடிக்கிறார். கவாத்துக்குப் பின் துளிர் ஏன் சோம்பலாக வருகிறது என்று பிறகு கேட்பதில் பயனில்லை.

கொளுத்துவதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் கொப்புள நோய், துளிரில் கொப்புளம் கிளப்பும் பூஞ்சை நோய். அந்தப் பூஞ்சை உயிருள்ள இளந்துளிரில் மட்டுமே வாழும். காய்ந்து மண்ணில் கிடக்கும் இலையில் அதற்கு வாழ்வே இல்லை. ஆகவே அந்த பயத்தில் எரிப்பது வீண்.

அடுத்த காரணம் விறகு. அடுப்புக்கு மிலாறு தேவைப்படும் வீடுகள் இருக்கின்றன, அதை மறுக்க முடியாது. கட்டைவிரலைவிடப் பருத்த கட்டைகளை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அவற்றில் சத்து குறைவு, மட்கவும் நெடுநாள் ஆகும். தண்டுதுளைப்பான் புழு துளையிட்ட கட்டை இருந்தால் அதுவும் தோட்டத்தை விட்டுப் போவதே நல்லது. இலையும் மெல்லிய குச்சியும் மட்டும் வெளியே போகக்கூடாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெயில் கடுமையாக இருந்தால், வெட்டிய செடியின் மேல் இலையுள்ள சிம்புகளை லேசாகப் பரப்புங்கள், பட்டை வெந்துபோகாது. மீதிக் குச்சிகளை ஓர் அடி நீளத்துக்கு நறுக்குங்கள். நீளமாக விட்டால் அந்தரத்தில் நின்று காயும். மண்ணைத் தொடாத குச்சியைப் பூஞ்சை எளிதில் எட்டாது. நறுக்கியதை வரிசைகளுக்கு இடையில், சரிவுக்குக் குறுக்காகப் படுக்க வையுங்கள். வடிகால் வாய்களை மூடிவிடாதீர்கள்.

டோலமைட்டை மிலாறின் மேல் தூவுவது

டோலமைட் என்பது மண்ணின் புளிப்பு அளவு மீறும்போது போடும் சுண்ணாம்புக் கல்தூள். மண்ணைத் தொடாத சுண்ணாம்பால் மண்ணின் புளிப்பு குறையாது; கவாத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

யூரியாவை மூடாக்கின் மேல் வீசுவது

மட்கும் சருகில் யூரியாவை உடைக்கும் நொதி நிறைய இருக்கும். ஈரச் சருகில் விழுந்த யூரியா அங்கேயே உடைந்து, சுற்றியிருக்கும் புளிப்பைத் தற்காலிகமாகக் குறைத்து, அம்மோனியாவாகக் காற்றில் போகும். வெறும் மண்ணாக இருந்தால் அதன் புளிப்பே பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் செடிக் குடையின் விளிம்புக்கு நேராக மூடாக்கை விலக்கி, மண்ணில் தூவி, திரும்ப மூடுங்கள். கூலி கொஞ்சம் கூடும். ஆள் கிடைக்காதவர்கள், அடுத்து நல்ல மழை வரும் என்று தெரியும் நாளிலாவது போடுங்கள். மழை அதை மண்ணுக்குள் இறக்கிவிடும். டோலமைட்டையும் யூரியாவையும் ஒரே நேரத்தில் போட்டாலும் இதே இழப்புதான்.

மரத்தூளை மண்ணோடு கொத்திக் கலப்பது

மர அறுவை மில்லில் தூள் மலிவாகக் கிடைக்கிறது என்று லாரியில் இறக்குகிறார்கள். ஒரு பொருளில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 25 அல்லது 30-க்குள் இருந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீதித் தழைச்சத்தைச் செடிக்கு விடும். தேயிலை இலைக்கு இது 20-ஐ ஒட்டி இருக்கும். மரத்தூளுக்குப் பல நூறு. அதை உடைக்க நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து போதாமல், மண்ணில் இருப்பதை இழுத்துக்கொள்ளும். செடி மஞ்சளாகும்.

மேலே பரப்பினால் இந்த இழுபறி தூளும் மண்ணும் தொடும் மெல்லிய படலத்தோடு நின்றுவிடும். கொத்திக் கலந்தால் வேர் இருக்கும் ஆழம் முழுக்கப் பரவும். மரத்தூள்தான் இருக்கிறது என்றால் ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல், மண்ணின் மேலே மட்டும் போடுங்கள்.

செடிக் கழுத்தில் முட்டவிடுவது

இளஞ்செடிக்கு இது உயிர்ப் பிரச்சினை. வேரும் தண்டும் சேரும் இடத்தில் ஈரச் சருகு ஒட்டிக் கிடந்தால் பட்டை ஊறி, கழுத்துப் புற்று நோய்க்கு வழி கிடைக்கும். சுற்றிலும் 10 முதல் 15 செ.மீ. விட்டுத்தான் மூடாக்கு தொடங்க வேண்டும்.

இளந்தேயிலைக்குக் குவாட்டிமாலா புல் நல்ல மூடாக்கு. ஹெக்டேருக்கு 25 டன் பச்சைப் புல், அதாவது சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ போடலாம். வெட்டியவுடன் ஈர மண்ணில் போட்டால் தண்டின் கணுக்கள் வேர்விடும். இரண்டு மூன்று நாள் வாடவிட்டுப் போடுங்கள்.

காய்ந்த மண்ணை மூடுவது

வறட்சியைத்தான் மூடி வைக்கிறீர்கள். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மண்ணில் இருக்கும்போதே மூடிவிடுங்கள்.

வெள்ளை நூலைக் கண்டு மருந்தடிப்பது

மூடாக்கைத் தூக்கினால் அடியில் வெள்ளை வெள்ளையாக நூல் பரவியிருக்கும். வேரழுகல் வந்துவிட்டது என்று பயந்து தாமிர மருந்தைக் கரைத்து ஊற்றுகிறார்கள். அந்த நூல் சருகைத் தின்னும் பூஞ்சை. நீங்கள் மூடாக்கு போட்டதே அதற்காகத்தான். கொப்புள நோய்க்கு அடிக்கும் தாமிரமே ஆண்டுக்கு ஆண்டு மேல்மண்ணில் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேல் நீங்களும் ஊற்ற வேண்டாம்.

நோய்தானா என்று பார்க்கச் செடியைப் பாருங்கள். இலைகள் மஞ்சளித்து வாடுகின்றனவா, கழுத்தில் நீளவாக்கில் வெடிப்பு உண்டா, வேர்ப்பட்டையைச் சீவினால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வெள்ளைப் படலம் இருக்கிறதா? இருந்தால் அது ஆர்மில்லேரியா என்ற பூஞ்சையால் வரும் வேரழுகலாக இருக்கலாம். செடியை வேரோடு எடுத்தாக வேண்டும். சருகில் மட்டும் வெள்ளை, செடி பசுமை என்றால் மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

நோயில் செத்த செடியை மூடாக்காக்குவது

கூடாது. வேர்த்துண்டு ஒன்றுகூட மண்ணில் தங்கக்கூடாது.

உறைபனி இறங்கும் பள்ளத்தில் மூடுவது

பகலில் வெயில் மண்ணில் ஏற்றிய சூடு, இரவில் மேலே வந்து செடியை ஓரளவு காக்கும். தடித்த மூடாக்கு அந்தச் சூடு மண்ணில் ஏறுவதையும் தடுக்கும், வெளியே வருவதையும் தடுக்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி விழும் தாழ்வான பகுதிகளில் இளஞ்செடிகளைச் சுற்றி மண்ணைத் திறந்துவிட்டு, புல்லையோ பெரணி இலையையோ செடியின் மேல் கூரையாகச் செருகுங்கள். மேட்டு நிலத்துக்கு இது பொருந்தாது.

பாதியில் அள்ளிவிடுவது

சில மாதங்கள் மூடாக்கு கிடந்த இடத்தில் ஊட்டவேர்கள் மேலேறி, மட்கும் சருகுக்குள்ளேயே படர்ந்திருக்கும். அவற்றோடு கூடிவாழும் வேர்ப்பூஞ்சையும் அங்கேதான். களையெடுக்க வசதி என்று கோடையில் மூடாக்கை வாரினால் அந்த வேரெல்லாம் ஒரு வார வெயிலில் கருகிவிடும். களையைக் கையால் பிடுங்கி, வேரின் மண்ணை உதறி, அதையும் மூடாக்கின் மேலேயே போடுங்கள். சருகு இரண்டு விரல் கனத்துக்குக் கீழே மெலிந்தால், பழையதைக் கிளறாமல் மேலே புதிதாகச் சேர்த்தால் போதும்.