கம்யூனிட்டி காலேஜில் நடக்கும் நிகழ்வுகளையும் வாய்ப்புகளையும் தவறவிடாமல் பயன்படுத்துவது எப்படி?

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரியில் சேரும் மாணவர் முதல் வாரத்திலேயே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அசோசியேட் எனப்படும் இரண்டாண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 60 கிரெடிட் (பாட மதிப்பு அலகு). அதை நான்கு செமஸ்டரில் முடித்து, மூன்றாம் ஆண்டில் நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாறுவதுதான் பெரும்பாலானோரின் திட்டம். ஆனால் மாறுவதற்கான விண்ணப்பத்தைப் பல இடங்களில் இரண்டாம் ஆண்டின் இறுதியில் அனுப்ப முடியாது. ஆகஸ்டில் சேருகிறவர் மறு ஆண்டு நவம்பருக்குள், அதாவது பதினைந்தே மாதத்தில், பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும். அப்போது அவர் கையில் இரண்டு செமஸ்டர் மதிப்பெண்கள்தாம் முழுமையாக இருக்கும். கல்லூரியின் நிகழ்ச்சி நாட்காட்டியைப் பொழுதுபோக்குப் பட்டியல் என்று ஒதுக்கிவிடாமல், கெடு தேதிகளின் முன்னறிவிப்பாகப் படிக்கவேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தப் பதினைந்து மாதக் கணக்குதான்.

நாட்காட்டி என்று ஒருமையில் சொன்னாலும் உண்மையில் மூன்று இருக்கின்றன. மூன்றும் மூன்று இடத்தில் கிடக்கும். பதிவாளர் அலுவலகம் வெளியிடும் கல்வி நாட்காட்டியில் வகுப்பைச் சேர்க்கவும் விடவும் கடைசி நாள், 'W' (விலகல்) குறியோடு வகுப்பிலிருந்து விலகக் கடைசி நாள், இறுதித் தேர்வு வாரம் ஆகியவை இருக்கும். மாணவர் வாழ்வு அலுவலகம் நடத்தும் நிகழ்ச்சி நாட்காட்டியில் வரவேற்பு வாரம், மாணவர் சங்கங்களின் அறிமுக நாள், கலைவிழா, வேலைவாய்ப்பு முகாம் போன்றவை வரும். மூன்றாவது எந்தப் பக்கத்திலும் முழுமையாகத் தென்படாது: நிதியுதவி அலுவலகம், பல்கலைக்கழகத்துக்கு மாற உதவும் டிரான்ஸ்ஃபர் மையம், ஆனர்ஸ் திட்டம், தனித்தனித் துறைகள் ஆகியவை மாணவரின் கல்லூரி மின்னஞ்சலுக்கு அவ்வப்போது அனுப்பும் அறிவிப்புகள்தாம் அது. வாய்ப்புகளில் பெரும்பகுதி இந்த மூன்றாவதில்தான் ஒளிந்திருக்கிறது. கல்லூரி கொடுத்த மின்னஞ்சலைத் திறந்தே பார்க்காமல் சொந்த ஜிமெயிலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் ஏராளம். செமஸ்டர் தொடங்குவதற்கு முந்தைய வாரம் ஒரு மாலை உட்கார்ந்து, முதல் இரண்டு நாட்காட்டிகளிலிருந்தும் தனக்கு வேண்டிய தேதிகளைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, கல்லூரி மின்னஞ்சலையும் அதே கைப்பேசியில் இணைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இனி ஓர் அறிவிப்பை எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம். பல்கலைக்கழகப் பிரதிநிதிகள் கல்லூரிக்கே வந்து மேசை போடும் நிகழ்ச்சி பற்றி, மாதிரிக்கு இப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'டிரான்ஸ்ஃபர் ஃபேர். செவ்வாய்க்கிழமை, காலை 10 முதல் மதியம் 1 வரை. நூலகத்தின் முன்புள்ள திறந்தவெளி. முன்பதிவு தேவையில்லை. அனைத்து மாணவர்களும் வரலாம். அதிகாரபூர்வமற்ற மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவருவது நல்லது.' இதில் 'அனைத்து மாணவர்களும்' என்ற சொல்லை முதல் செமஸ்டர் மாணவர்கள் தமக்கில்லை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் மிகுந்த பலன் அவர்களுக்குத்தான், ஏனென்றால் பாடத் தேர்வைத் திருத்திக்கொள்ள அவர்களுக்கு மட்டுமே இன்னும் நேரம் இருக்கிறது. கடைசி வரியும் சம்பிரதாயமாகப் போட்டதல்ல. எதிரே உட்காரும் பல்கலைக்கழகப் பிரதிநிதி பட்டியலைப் பார்த்துப் பாடவாரியாகப் பேசத் தயாராக வருகிறார் என்பதே அதன் பொருள். மாணவர் தளத்தில் உள்நுழைந்து அந்தப் பட்டியலைத் தரவிறக்கி அச்செடுத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் போதும்.

மேசைக்கு முன் நின்று என்ன கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'உங்களிடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கிறதா?' என்று கேட்டால் ஒரு துண்டுப் பிரசுரமும் ஒரு பேனாவும் கிடைக்கும். அதற்குப் பதிலாக, 'இரண்டாம் கால்குலஸை இந்த வசந்த செமஸ்டரில் முடிக்கிறேன், இயற்பியலை அடுத்த இலையுதிர் செமஸ்டரில் எடுக்கிறேன். விண்ணப்பம் அனுப்பும்போது இவற்றில் எவை முடிந்திருக்க வேண்டும், எவை நடந்துகொண்டிருந்தால் போதும்?' என்று கேட்டுப் பாருங்கள். பிரதிநிதி பேனாவை எடுத்து உங்கள் பட்டியலில் கோடு போட ஆரம்பிப்பார். 'நீங்கள் ஏற்கும் கிரெடிட்டுகளுக்கு உச்சவரம்பு உண்டா?', 'என் துறைக்குத் தனியாகக் குறைந்தபட்ச ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) உண்டா?', 'டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கென்று ஒதுக்கிய உதவித்தொகைக்குக் கெடு எப்போது?' என்பவை அடுத்து வரவேண்டிய கேள்விகள். அவருடைய முகவரி அட்டையை வாங்கி, அன்று மாலையே மூன்று வரியில் நன்றி மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து ஐயம் வந்தால், முகமறியாத பொதுப் பெட்டிக்கு எழுதுவதைவிட இந்தப் பழைய மின்னஞ்சலுக்குக் கீழே எழுதுவது எவ்வளவோ எளிது.

கெடு தேதிகள் எவ்வளவு முன்னால் வந்துவிடுகின்றன என்பதற்குக் கலிஃபோர்னியா நல்ல எடுத்துக்காட்டு. 116 கல்லூரிகளைக் கொண்ட அம்மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ் அமைப்புதான் நாட்டிலேயே மிகப் பெரியது. அங்கே படிப்பவர்கள் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்களில் (டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ்) ஒன்றுக்கு, நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்ற டாக் ஒப்பந்தத்தைச் செய்துகொள்ளலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியகோ வளாகங்கள் இதில் இல்லை. இலையுதிர்காலச் சேர்க்கைக்கான டாக் விண்ணப்பத்தை முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் 30 வரைக்குள் அனுப்ப வேண்டும். அதாவது இரண்டாம் ஆண்டு தொடங்கிய சூட்டோடு அந்தக் கதவு மூடிவிடும். டிரான்ஸ்ஃபர் மையம் டாக் பயிலரங்கு என்று ஏப்ரலிலோ மே மாதத்திலோ ஒன்றை அறிவித்தால், 'இன்னும் நாள் இருக்கிறதே' என்று தள்ளிப்போடாமல் அதற்கே போய்விடுவதுதான் சரி. எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடாகும் என்பதை அசிஸ்ட் என்ற இணையதளத்தில் கல்லூரிவாரியாகப் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போனால் பயிலரங்கில் உங்கள் கேள்விதான் முதலில் தீரும். பிற மாநிலங்களில் இத்தகைய ஒப்பந்தங்களுக்குப் பெயரும் விதியும் வேறுபடும் என்றாலும், கேட்க வேண்டிய இடம் அதே டிரான்ஸ்ஃபர் மையம்தான்.

அடுத்தது பணம். ஃபாஃப்சா எனப்படும் கூட்டரசு நிதியுதவி விண்ணப்பம் வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். அதையொட்டியே கல்லூரிகள் மாலை நேரங்களில் ஃபாஃப்சா பயிலரங்கு நடத்தும். பெற்றோரையும் அழைத்துப்போக வேண்டிய நிகழ்ச்சி இது, ஏனென்றால் பெற்றோரை நம்பியிருக்கும் மாணவர் என்றால் பெற்றோரும் தனிக் கணக்குத் தொடங்கித் தம் பகுதிக்கு ஒப்புதல் தந்து கையெழுத்திட வேண்டும். தகுதி முழுமையாக உள்ளவருக்கு 2024-25 கல்வியாண்டில் பெல் கிராண்ட் என்ற கூட்டரசு மானியம் அதிகபட்சம் 7,395 டாலராக இருந்தது. இது திருப்பிச் செலுத்த வேண்டாத தொகை. குடியுரிமை பெற்றவர்களும் பச்சை அட்டை உள்ளிட்ட தகுதியுள்ள குடியேறிகளும் மட்டுமே இதைப் பெற முடியும். எஃப்-1 மாணவர் விசாவிலும், எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவிலும் இருப்பவர்களுக்குக் கூட்டரசு நிதியுதவி கிடையாது.

அவர்களுக்கும் திறந்திருக்கக்கூடிய வாசல், கல்லூரியின் அறக்கட்டளை தரும் உதவித்தொகைகள். ஒரே விண்ணப்பத்தை நிரப்பினால் பல உதவித்தொகைகளுக்குப் பரிசீலிக்கும் முறை பல கல்லூரிகளில் உண்டு. தொகை சிறியதாகவும் இருக்கும். விண்ணப்பிப்பவர்கள் குறைவாக இருக்கும் உதவித்தொகைகளும் இருக்கும். இங்கே தடுக்கிவிழும் இடம் பரிந்துரைக் கடிதம். என் மகள் முதலாண்டில் கெடுவுக்கு மூன்று நாள் முன்பு பேராசிரியர் ஒருவரிடம் கடிதம் கேட்டாள். அவர் பண்போடுதான் மறுத்தார்: இருபத்தெட்டு பேர் உள்ள வகுப்பில், மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கும் அலுவல் நேரத்துக்கு ஒருமுறைகூட வராத மாணவியைப் பற்றி மதிப்பெண்ணைத் தவிர எழுத அவரிடம் ஒன்றும் இல்லை. அவர் சொன்னதில் பிழையே இல்லை. மறு ஆண்டு அவள் செப்டம்பரிலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏதாவதொரு கேள்வியோடு அவர் அறைக்குப் போனாள். பிப்ரவரியில் கேட்டபோது கடிதம் நான்கே நாளில் வந்தது. அலுவல் நேரம் எந்த நிகழ்ச்சிப் பட்டியலிலும் வராத, ஆனால் வாரந்தோறும் நடக்கும் நிகழ்ச்சி என்றே நான் அதைக் கருதுகிறேன்.

பெரிய தொகையை நாடுபவர்கள் ஜாக் கென்ட் குக் அறக்கட்டளையின் டிரான்ஸ்ஃபர் உதவித்தொகையைப் பார்க்கலாம். ஆண்டுக்கு 55,000 டாலர் வரை தருகிறார்கள், போட்டியும் அதற்கேற்பக் கடுமை. அதைவிட எட்டும் தூரத்தில் இருப்பது ஃபை தீட்டா கப்பா என்ற மாணவர் மதிப்புச் சங்கம். 1918இல் தொடங்கிய இச்சங்கம் இரண்டாண்டுக் கல்லூரி மாணவர்களுக்கென்றே இருப்பது; பொதுவாக 12 கிரெடிட் முடித்து 3.5 ஜிபிஏ வைத்திருப்பவர்களுக்கு அழைப்பு வரும். மின்னஞ்சலில் வந்து, உறுப்பினர் கட்டணமும் கேட்பதால் மோசடி என்று நினைத்து அழித்துவிடுபவர்கள் உண்டு. அழிப்பதற்குமுன் கல்லூரிக் கிளையின் ஆசிரிய ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்; பல பல்கலைக்கழகங்கள் இச்சங்க உறுப்பினர்களுக்கென்றே டிரான்ஸ்ஃபர் உதவித்தொகை வைத்திருக்கின்றன.

வேலை, இன்டர்ன்ஷிப் பற்றிய அறிவிப்புகளைப் படிக்கும்போது விசாவை மறந்துவிடக் கூடாது. வேலைவாய்ப்பு முகாமுக்கு யாரும் போகலாம், பேசலாம், தன்விவரக் குறிப்பைக் கொடுக்கலாம். சம்பளம் வாங்குவதில்தான் சட்டம் குறுக்கிடும். எஃப்-1 மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். கணிதப் பயிற்சி மையத்தில் டியூட்டர் வேலை இவ்வகையில் சிறந்தது என்பேன், ஏனென்றால் சொல்லிக்கொடுக்கும்போது பாடமும் தெளிவாகும், ஆசிரியர்களும் பழக்கமாவார்கள். வளாகத்துக்கு வெளியே படிப்போடு தொடர்புள்ள இன்டர்ன்ஷிப் என்றால், பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்தபிறகு, சிபிடி எனப்படும் பயிற்சி வேலை அனுமதி, கல்லூரி தரும் ஐ-20 என்ற மாணவர் தகுதிப் படிவத்தில் ஏறிய பின்னரே தொடங்க வேண்டும். முதலில் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்போம் என்பது மிகுந்த ஆபத்து. எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கோ வளாகத்துக்குள்கூட ஊதிய வேலைக்கு அனுமதி இல்லை. சங்கப் பொறுப்பு, மாணவர் பேரவை, தன்னார்வப் பணி ஆகியவற்றில் அவர்கள் நேரத்தைச் செலுத்தலாம். அவர்கள் 21 வயதில் அந்தத் தகுதியை இழப்பார்கள் என்பதால், இரண்டாம் ஆண்டிலேயே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ள அறிவியல், பொறியியல் மாணவர்கள், அமெரிக்க எரிசக்தித் துறையின் தேசிய ஆய்வகங்களில் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கென்றே நடக்கும் இன்டர்ன்ஷிப் திட்டத்தைத் தவறவிடக் கூடாது. கோடையில் பத்து வாரம், உதவி ஊதியத்தோடு. ஆனால் விண்ணப்பக் கெடு குளிர்காலத்திலேயே வந்துவிடும்.

மாணவர் சங்கங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அறிமுக நாளில் ஏழு சங்கங்களில் பெயர் எழுதிவிட்டு ஒன்றுக்கும் போகாமல் இருப்பதைவிட, ஒரே சங்கத்தில் இரண்டாம் செமஸ்டரில் பொருளாளர் பொறுப்பை ஏற்பது மேல். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு அதற்கும் நேரம் இருக்காது. விண்ணப்பத்தில் வேலையையே எழுதலாம், அதற்கும் மதிப்பு உண்டு.

பெற்றோருக்கு ஒரு செய்தி. பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டால், பதினெட்டு வயது ஆகாவிட்டாலும், 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி கல்விப் பதிவுகள் மீதான உரிமை பிள்ளைக்கே போய்விடுகிறது. அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து மதிப்பெண் கேட்டால் பிள்ளையின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். பெற்றோர் செய்யக்கூடியது, அக்டோபரில் ஃபாஃப்சா மாலைக்கு வண்டி ஓட்டிப்போய் உடன் உட்காருவதும், கெடு தேதிகளை வீட்டு நாட்காட்டியிலும் எழுதிவைப்பதும்தான்.

கடைசியாக, பலரும் மறந்துபோகும் ஒரு தேதி. 60 கிரெடிட் முடிந்ததும் அசோசியேட் பட்டம் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பல கல்லூரிகளில் பட்டம் கோரி மாணவரே தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதற்கான கெடு பெரும்பாலும் கடைசி செமஸ்டரின் தொடக்கத்திலோ அதற்கு முன்போ வரும். நிகழ்ச்சி நாட்காட்டியில் பட்டமளிப்பு விழாவின் நாள்தான் பெரிதாகப் போட்டிருக்கும். விண்ணப்பத்தின் கெடுவைப் பதிவாளரின் கல்வி நாட்காட்டியில் தேடி எடுக்க வேண்டும்.