பழந்தோட்டங்களின் வரலாற்றை இணையத்தில் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயில் மதிலைப் பற்றி எழுத முனைபவருக்குக் கல்லே சாட்சியாக நிற்கும். தோட்டத்தைப் பற்றி எழுத முனைபவருக்கு அந்த வசதி இல்லை. செடி பட்டுப்போகிறது, வரப்பு கரைந்துபோகிறது, கிணறு தூர்ந்துபோகிறது. ஒரு தலைமுறைக் காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தால் நந்தவனம் இருந்த இடத்தைச் சீமைக்கருவேல் மூடிவிடுகிறது. ஆகவே தமிழ்நாட்டின் பழைய நந்தவனங்களையும் ஆங்கிலேயர் காலத்துப் பூங்காக்களையும் பற்றி ஆராய்பவர்கள் ஏட்டையும் கல்வெட்டுப் படியையும் வரைபடத்தையும் நம்பித்தான் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள், தமிழிணையம் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ், பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி, பிரிட்டிஷ் நூலகத்தின் படங்கள் எனப் பெருஞ்செல்வம் இன்று வீட்டிலிருந்தபடியே படிக்கக் கிடைக்கிறது.

இந்த ஆவணங்களில் ஏறக்குறைய எதுவுமே தோட்டத்தை விவரிப்பதற்காக உருவானதன்று என்பதை மட்டும் தேடுபவர் ஒருபோதும் மறக்கக் கூடாது. கல்வெட்டு தானத்தைப் பதிந்தது. இனாம் என்ற மானிய நிலங்களின் பதிவேடு வரியைக் கணக்கிட்டது. தாவரவியலாளர் செடியை வரைந்தார். புகைப்படக்காரர் கோபுரத்தை எடுத்தபோது தோட்டம் படத்தின் ஓரத்தில் வந்து விழுந்தது. எந்த நோக்கத்துக்காக எழுதப்பட்டது என்று கேளாமல் படிப்பதிலிருந்தே, நான் பார்த்த அளவில், பெரும்பாலான பிழைகள் கிளைக்கின்றன.

ஒரே சொல்லைக் கொண்டு தேடி முடித்துவிடுவது

‘நந்தவனம்’ என்று தேடுபெட்டியில் இட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் பலர். சோழர் கல்வெட்டுகளில் இச்சொல் ‘திருநந்தவானம்’ என்று நெடிலோடு வருவது வழக்கம். அதைப் பராமரிக்க விடப்பட்ட நிலம் ‘திருநந்தவானப்புறம்’ எனப்படும். இறைவனுக்குச் சாத்தும் மாலை ‘திருப்பள்ளித்தாமம்’ ஆகும். தோட்டம் என்ற சொல்லே இல்லாமல், திருப்பள்ளித்தாமத்துக்கு நிலம் விட்டதாகவோ செங்கழுநீர் பயிரிட ஏற்பாடு செய்ததாகவோ சொல்லும் கல்வெட்டுகளும் நந்தவன வரலாற்றைச் சேர்ந்தவைதாம். திருப்பூந்தோட்டம், திருச்சோலை ஆகிய சொற்களையும் சேர்த்துத் தேட வேண்டும்.

வருடப்பட்ட பழைய தமிழ் நூல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, னா, றா போன்ற எழுத்துகள் வேறு வடிவில் இருந்தமையால், எழுத்துணரி மென்பொருள் அவற்றைத் தவறாகப் படித்துவிடுகிறது. எனவே தேடலில் ‘சோலை’ அகப்படாத நூலிலும் சோலை இருக்கலாம். பொருளடக்கத்தையும் பின்னிணைப்பையும் கண்ணால் புரட்டிப் பார்ப்பதைத் தவிர இதற்கு வழியில்லை.

ஆங்கில ஆவணங்களில் தேடும்போது நம் ஊர்ப்பெயர்கள் அக்காலத்தில் எழுதப்பட்ட விதத்தையும் மனத்தில் கொள்ள வேண்டும். காஞ்சிபுரம் கான்ஜீவரமாகவும், தரங்கம்பாடி டிராங்குபாராகவும், உதகை ஊட்டகமண்டாகவும் இருக்கும். ‘தோப்பு’ என்ற நம் சொல்லையே அவர்கள் ‘டோப்’ என்று எடுத்துக்கொண்டார்கள். பழைய நிலப்படங்களிலும் வருவாய் அறிக்கைகளிலும் மாந்தோப்பும் புளியந்தோப்பும் அந்தப் பெயரிலேயே குறிக்கப்பட்டுள்ளன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சைதாப்பேட்டையில் கொச்சினீல் சாயப்பூச்சியை வளர்ப்பதற்காகச் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் ஒன்றை அமைத்தார். அதைத் தோட்டம் என்று தேடினால் கிடைப்பது அரிது. ‘நோபல்ரி’ என்ற பெயரில், சாய வணிகம் குறித்த கடிதங்களுக்கிடையே அது இருக்கிறது.

சென்னைப் பேச்சுவழக்கும் நல்ல திறவுகோலாகும். எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், சென்ட்ரல் நிலையத்தருகே பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த விலங்குக்காட்சிச்சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் நகர மக்கள் அழைத்தார்கள். அப்பூங்காவைப் பார்த்த தமிழர்கள் அதைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று அறிய விரும்புபவர், ‘பூங்கா’ என்பதை விட்டுவிட்டு ‘உயிர் காலேஜ்’ என்று தேடினால் பலன் கிடைக்கும்.

கல்வெட்டு எண்ணைக் கல்வெட்டின் காலமாகக் கொள்வது

இது நானே செய்த தவறு. ‘1910ஆம் ஆண்டின் 45ஆம் எண்’ என்பது போன்ற குறிப்பைக் கல்வெட்டு ஆண்டறிக்கையில் கண்டு, அந்த ஆண்டு எதைக் குறிக்கிறது என்று விசாரிக்காமல், என் முதல் கட்டுரையில் ஒரு நந்தவனத் தானத்தை இருபதாம் நூற்றாண்டுப் புதுப்பித்தல் என்று எழுதிவிட்டேன். அந்த ஆண்டு கல்வெட்டு படியெடுக்கப்பட்ட ஆண்டு. கல்வெட்டு அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. அச்சாவதற்கு முன் கல்வெட்டு கற்ற பெரியவர் ஒருவர் பார்த்துத் திருத்தியிராவிட்டால் அப்பிழை இன்று பல இடங்களுக்குப் பரவியிருக்கும்.

காலக்கணிப்பில் மேலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சோழ அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிப் பூண்டார்கள். ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்று இருந்தால் முதலாம் பராந்தகன் என்று துணிந்து சொல்லலாம். வெறும் ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருந்தால் எழுத்தமைதியை, அதாவது எழுத்துகளின் வடிவத்தைக் கொண்டு அறிஞர்கள் கணிப்பதைத்தான் பின்பற்ற வேண்டும். இணையத்தில் எவரோ ஒரு கிறித்து ஆண்டை உறுதியாகப் போட்டிருப்பதால் அது உறுதியாகிவிடாது.

ஆண்டறிக்கையின் ஒருவரிச் சுருக்கத்தோடு நின்றுவிடுவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். ‘பூந்தோட்டத்துக்கு நிலம் தானம்’ என்று அது முடித்துவிடும். அதே கல்வெட்டின் முழுப் பாடம் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் அச்சாகியிருந்தால் அங்கே ‘கீழ்பாற்கெல்லை’ என்று தொடங்கி நான்கு திசை எல்லைகளும் வரும்: எந்த வாய்க்காலுக்கு மேற்கு, எவர் நிலத்துக்கு வடக்கு, எந்த வழிக்குத் தெற்கு என்று. ஒரு தோட்டத்தை மண்ணில் இறக்கி வைக்க உதவும் வரிகள் அவைதாம். தோட்டம் கோயிலை ஒட்டித்தான் இருந்திருக்கும் என்ற எண்ணமும் அவற்றைப் படித்தால் கலைந்துபோகும். நிலம் வேறொரு ஊரில் இருப்பது உண்டு. திருப்பணியின்போது கல் இடம் மாறியிருக்கலாம், வேறு கோயிலின் கல்லே கொண்டுவந்து பதிக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அளவுகளை உடனே ஏக்கராக மாற்றுவதும் ஆபத்தானது. இன்றைய வழக்கில் வேலி என்பது ஏறத்தாழ 6.67 ஏக்கர், இருபது மா கொண்டது ஒரு வேலி. ஆனால் குழி என்ற சிறு நில அளவு அதை அளந்த கோலைப் பொறுத்தது. பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று கல்வெட்டுகளே வேறுபடுத்திச் சொல்லும்போது, இருநூறு குழி நந்தவனம் இத்தனை சென்ட் என்று எழுதுவது கல்வெட்டு சொல்லாததைச் சொல்வதாகும். மூல அளவை அப்படியே தந்து, கோலின் பெயர் இருந்தால் அதையும் தருவதே முறை.

தோட்டத்துக்கு ஒரே ஒரு பிறந்தநாள் இருப்பதாக நினைப்பது

உதகை தாவரவியல் பூங்கா தொடங்கிய ஆண்டு 1847 என்று ஓரிடத்திலும் 1848 என்று வேறிடத்திலும் இருக்கும். இரண்டில் ஒன்று பிழை என்று பலர் நினைத்து, தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பியக் குடியிருப்பாளர்கள் சந்தா போட்டுக் காய்கறி பயிரிட்ட முயற்சி முதலில் வந்தது. ஆளுநர் ட்வீடேல் பிரபுவின் ஆதரவில் பூங்காவுக்கான ஏற்பாடு பிறகு உருவானது. லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் பயின்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848இல் வந்து சேர்ந்து, சரிவான சதுப்பு நிலத்தைப் பல ஆண்டுகள் உழைத்துப் பூங்காவாக்கினார். எந்த நிகழ்வை வைத்து ஆண்டு குறிக்கிறோம் என்று எழுதிவிட்டால் முரண்பாடு தானே தீரும்.

தோட்டம் சுருங்குவதும் வரலாறுதான். சார்லஸ் ட்ரெவெல்யன் 1859-60இல் சென்னை ஆளுநராக இருந்தபோது உருவான பீப்பிள்ஸ் பார்க்கை இன்றைய வரைபடத்தில் தேடினால், ‘மை லேடீஸ் கார்டன்’ என்ற சிறு துண்டுதான் தென்படும். விக்டோரியா பொது மண்டபமும், மூர் மார்க்கெட்டும், 1913இல் நிறைவடைந்த ரிப்பன் மாளிகையும், பின்னாளில் விளையாட்டரங்கமும் அந்தப் பூங்காவின் நிலத்தில் எழுந்தவை. விலங்குக்காட்சிச்சாலை வண்டலூரில் 1985இல் திறக்கப்பட்டது. மூர் மார்க்கெட் அதே ஆண்டில் எரிந்தது. பார்க் டவுன் என்ற பெயர் மட்டும் இன்னமும் அந்தப் பூங்காவைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இத்தகைய இடத்தை ஆராய்பவர் ஒரு வரைபடத்தோடு நிற்காமல், இருபது முப்பது ஆண்டு இடைவெளியில் வந்த வரைபடங்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். கூகுள் எர்த்தின் பழைய செயற்கைக்கோள் படங்கள் நம் ஊர்களில் பெரும்பாலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முன் தெளிவாக இருப்பதில்லை; அதற்கு முந்திய காலத்துக்கு நில அளவைப் படங்களே துணை.

செடியின் பெயரிலும் வயதிலும் ஏமாறுவது

நாகலிங்க மரம் நிற்கும் கோயில் தோட்டத்தின் படத்தைப் போட்டு, ‘சோழர் காலம் முதல் மாறாமல் இருக்கும் நந்தவனம்’ என்று எழுதப்படுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. நாகலிங்கம் தென்னமெரிக்க மரம். பூக்கடைகளில் குவியும் துலுக்கச் சாமந்தி மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. ஈழத்தலரி என்று நாம் அழைக்கும் மரமும் அமெரிக்கக் கண்டத்துக்குரியதே. இவை ஐரோப்பியர் கடல்வழி வந்த பிறகுதான் இங்கு வேரூன்றியிருக்க முடியும். இதனால் தோட்டத்தின் மதிப்பு குறையவில்லை. அந்த மரம் எப்போது, யார் கையால் வந்தது என்ற நல்ல கேள்வி நமக்குக் கிடைக்கிறது.

பழைய செடிப்பட்டியல்களைப் படிக்கும்போது அறிவியல் பெயர்கள் மாறியிருப்பதையும் பார்க்க வேண்டும். வேம்பு அவற்றில் ‘மீலியா அசாடிராக்டா’ என்றும், பூவரசு ‘ஹைபிஸ்கஸ் பாபுல்னியஸ்’ என்றும் இருக்கும். இன்றைய பெயரை மட்டும் இட்டுத் தேடினால் இவை தப்பிவிடும். சென்னையில் பணியாற்றிய ராபர்ட் வைட்டின் தாவரப் படத்தொகுதிகள் இணையத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன. அவற்றின் படங்களை வரைந்த ரங்கையா, கோவிந்து ஆகிய நம் ஓவியர்களின் பெயர்களை விட்டுவிட்டு வைட்டை மட்டும் குறிப்பிடுவது நியாயமாகாது.

படத்தைக் கண்ணாடி என்று நம்புவது

1858இல் மதுரையையும் தஞ்சையையும் புகைப்படமெடுத்த லின்னேயஸ் டிரைப்பின் படங்களைப் பெரிதாக்கி, கோயிலருகே நின்ற மரங்களை எண்ணிப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரும். அவர் தம் நெகட்டிவ்களின் மீது வண்ணம் தீட்டி மேகங்களையும் இலைத் தொகுதிகளையும் திருத்தியவர். எனவே தெளிவாகத் தெரியும் இலைக்கொத்து, மரத்தினுடையதா தூரிகையினுடையதா என்று வேறு சான்றோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். 1790களில் தென்னகம் வந்த டேனியல் ஓவியர்களின் காட்சிகளில் மரங்கள் ஓவிய அழகுக்காக இடம் மாறியிருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அஞ்சலட்டைகளில் அச்சான ஆண்டையும் முத்திரை விழுந்த ஆண்டையும் படம் எடுத்த ஆண்டாகக் கொள்ளக் கூடாது.

திரையில் இல்லாதது எங்குமே இல்லை என்று முடிவு செய்வது

அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் ஒரு புல எண்ணை இட்டால் இன்றைய உரிமை நிலைதான் வரும். அங்கு நந்தவனம் என்ற சொல் இல்லாமையால் நந்தவனமே இருந்ததில்லை என்று எழுதிவிடக் கூடாது. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையத்தின் பதிவேடுகளில், பூத்தொண்டுக்கென விடப்பட்ட நிலங்களின் விவரம் இருக்கலாம். அவற்றைப் பார்க்க எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்துக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ செல்ல வேண்டியிருக்கும். தலபுராணத்திலும் ஆழ்வார் சரிதத்திலும் வரும் நந்தவனங்களையும் இந்த ஆவணங்களோடு கலந்துவிடாமல், மரபு என்று தனியே குறித்து எழுத வேண்டும். திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரின் நந்தவனத்தில் ஆண்டாள் கிடைத்தாள் என்ற மரபு அவ்வூர்த் தோட்டத்தை இன்றுவரை காத்து நிற்கிறது. அந்த மதிப்பு அதற்குப் போதும், கல்வெட்டுச் சான்று என்ற பெயரை அதன்மீது ஏற்ற வேண்டிய தேவை இல்லை.

பார்த்த பக்கத்தைத் தொகுதி, பக்க எண்ணோடு அன்றே குறித்து, ஒரு படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையதளங்கள் மறைந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம். வருடப்பட்ட நூல்களின் தலைப்பும் ஆசிரியர் பெயரும் பட்டியலில் தவறாக இருப்பது மிகச் சாதாரணம், ஆகவே நூலின் முகப்புப் பக்கத்தைப் பார்த்தே எழுதுங்கள்.

பிறகு அந்த இடத்துக்குப் போங்கள். டெல்டாவின் ஒரு சிற்றூரில், கல்வெட்டின் எல்லைகளைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு காலை முழுவதும் சுற்றியும் எதுவும் பிடிபடவில்லை. கோயிலுக்குப் பூக்கட்டும் பண்டாரக் குடும்பத்து மூதாட்டிதான், “அந்தக் கொல்லையில பூக்கேணி இருந்துச்சு தம்பி, எங்க மாமனார் கவலை ஓட்டுனாரு” என்று கைகாட்டினார். புதரை விலக்கிப் பார்த்தபோது, மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையின் கயிறு உராய்ந்து உராய்ந்து விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்த இரண்டு கற்கள் தூர்ந்த கிணற்றின் வாயில் சாய்ந்து கிடந்தன. கல்வெட்டு சொன்ன வாய்க்கால் அதற்குக் கிழக்கே பத்தடியில் ஓடிக்கொண்டிருந்தது.